தொப்புள்கொடி ரத்தம்: காசு கட்டிச் சேமிப்பதா, தானம் தருவதா, குழந்தைக்கே விட்டுவிடுவதா?

நிலாமகள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது ஏழாவது மாதம், முதல் குழந்தை. போன முறை பரிசோதனைக்குப் போனபோது, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் பிரதிநிதி எங்களை உட்காரவைத்துப் பேசினார். பிரசவம் முடிந்ததும் கொடியில் தங்கியிருக்கும் ரத்தத்தை எடுத்து உறைய வைத்துவிட்டால் பிற்காலத்தில் எண்பது நோய்களுக்கு அது மருந்தாகும் என்றார். ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, சர்க்கரை நோய், ஆட்டிசம் என்று பட்டியல் நீண்டது. "இந்த வாய்ப்பை விட்டால் திரும்பக் கிடைக்காது" என்பதைப் பலமுறை சொன்னார்.

என் கணவருக்குச் சேமித்துவிடலாம் என்ற எண்ணம். எனக்கு முதலில் விஷயம் புரிய வேண்டும். அந்த ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? என் குழந்தைக்கு நோய் வந்தால் அவனுடைய, அல்லது அவளுடைய, சொந்த ரத்தமே மருந்தாகுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கயல்

நாங்களும் இதே பேச்சைக் கேட்டோம். யாராவது விவரமாக எழுதுங்கள், நானும் காத்திருக்கிறேன்.

செங்குருதி

நான் ரத்தநோய்ப் பிரிவில் மருத்துவர். மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் குழுவில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ரத்த அணுக்கள் எதுவும் நெடுநாள் வாழ்வதில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். தட்டணு பத்து நாள்கூடத் தாங்காது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ரத்தத்தில் ஒரு நாள் இருந்தாலே அதிகம். ஆகவே உடல் ஓயாமல் புதிய ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலைக்கு ஆதாரமாக இருப்பவைதான் ரத்த ஸ்டெம் செல்கள். விதைநெல்லைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பகுதி விளைச்சலுக்குப் போகும், ஒரு பகுதி அடுத்த விதைப்புக்கு மிஞ்சும். ஸ்டெம் செல் பிரியும்போது தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும், சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ தட்டணுவாகவோ மாறப்போகும் செல்களையும் உண்டாக்கும்.

பெரியவர்களுக்கு இந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கின்றன. கருவில் அப்படி இல்லை. நீண்டகாலம் வாழும் ரத்த ஸ்டெம் செல்கள் முதலில் கருவின் பெருந்தமனிச் சுவரில் தோன்றுகின்றன. அங்கிருந்து கல்லீரலுக்குப் போய்ப் பெருகுகின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கல்லீரலை விட்டு மஜ்ஜைக்குக் குடிபெயர்கின்றன. இந்த இடமாற்றம் ரத்த ஓட்டத்தின் வழியாக நடப்பதால் பிறக்கும் நேரத்தில் ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் நிறைய மிதக்கின்றன. பிறந்த சில நாள்களிலேயே அந்த எண்ணிக்கை சரிந்துவிடும். தொப்புள்கொடி ரத்தத்துக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

இன்னொன்று, பலருக்கு இதில் குழப்பம் உண்டு: கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்குவது தாயின் ரத்தம் கிடையாது. அது குழந்தையின் ரத்தம்.

"நிறைய" என்று சொன்னாலும் அளவு மிகச் சிறியது. கொடி ரத்தத்தில் உட்கரு உள்ள செல்களில் சுமார் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான் சி.டி.34 என்ற அடையாளப் புரதத்தைத் தாங்கியிருக்கும். அவற்றிலும் மிகச் சிலவே உண்மையான ஸ்டெம் செல்கள். நுண்ணோக்கியில் பார்த்து இதுதான் அது என்று கைகாட்ட முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் செலுத்தி, சில மாதங்கள் கழித்தும் அந்த எலியின் மஜ்ஜையில் மனித ரத்த அணுக்கள் உண்டாகின்றனவா என்று பார்ப்பார்கள். உண்டானால் உள்ளே போனவற்றில் ஸ்டெம் செல் இருந்தது என்று அர்த்தம்.

இவை பெரியவர்களின் மஜ்ஜைச் செல்களைவிட இளமையானவை. குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டெலோமியர்கள் நீளமாக இருக்கும், பெருகும் ஆற்றல் அதிகம். கூடவே வரும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காதவை, அதனால் நோயாளியின் உடலை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும் வேகம் குறைவு. மருத்துவத்தில் கொடி ரத்தத்துக்கு ஓர் இடம் கிடைத்ததே இந்தக் கடைசிக் குணத்தால்தான். அதை அப்புறம் எழுதுகிறேன்.

நோய்ப் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. ரத்த ஸ்டெம் செல் ரத்தத்தை உண்டாக்கும், நோய் எதிர்ப்பு மண்டலத்தை உண்டாக்கும். நரம்பாகவோ இதயத் தசையாகவோ கணையமாகவோ அது மாறுவதில்லை. எண்பது நோய்கள் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையால் குணமாகக்கூடியவைதான், பொய் இல்லை. ஆனால் அவற்றில் மிகப் பலவற்றுக்கு வேறொருவருடைய செல் வேண்டும். அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் உங்களிடம் சொல்லவில்லை.

நிலாமகள்

நன்றி டாக்டர். கடைசியில் நிறுத்திய இடம்தான் எனக்குப் புரியவில்லை. சொந்த ரத்தம் என்றால் முழுப் பொருத்தம், உடல் நிராகரிக்காது. வேறொருவருடையதைவிட அதுதானே நல்லது?

செங்குருதி

நிராகரிக்காது, உண்மை. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

தலசீமியா, அரிவாள் செல் நோய், பிறவி எதிர்ப்புச்சக்திக் குறைபாடு ஆகியவை மரபணுக் கோளாறுகள். குழந்தையின் எல்லாச் செல்களிலும் அந்தக் கோளாறு இருக்கும், கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்லிலும் இருக்கும். அதையே திரும்பக் கொடுத்தால் அதே நோயைத் திரும்பக் கொடுக்கிறோம். மரபணுவைத் திருத்திய பிறகு சொந்தச் செல்லைக் கொடுக்கும் சிகிச்சைகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் அதற்கான செல்களை, நோய் தெரிந்த பிறகு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். உறைய வைத்த கொடி ரத்தம் தேவைப்படவில்லை.

ரத்தப் புற்றுநோயில் சிக்கல் வேறு மாதிரி. குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் கணிசமானவற்றின் முதல் மரபணுப் பிசகு கருவிலேயே நேர்ந்துவிடுகிறது. பிறந்ததும் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்து வைக்கும் ரத்தப் பொட்டு இருக்கிறதே, லுகேமியா வந்த குழந்தைகளின் பழைய அட்டைகளை 1990களில் மெல் கிரீவ்ஸ் என்ற ஆய்வாளரின் குழு எடுத்துச் சோதித்தது. வருடங்கள் கழித்து வந்த புற்றுநோயின் அடையாளம் அந்தப் பொட்டிலேயே இருந்தது. அப்படியானால் அதே நாளில் எடுத்த கொடி ரத்தத்திலும் அந்தச் செல்கள் இருக்கலாம். அதோடு, வேறொருவரின் எதிர்ப்புச் செல்கள் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தேடி அழிக்கும். மாற்று சிகிச்சையின் பாதிப் பலம் அதில் இருக்கிறது. சொந்தச் செல்லுக்கு அந்தப் பலம் கிடையாது.

மிச்சம் இருப்பது நியூரோபிளாஸ்டோமா போன்ற சில கட்டிகள், சில வகை ரத்தசோகை. அங்கேயும் வேறு வழிகள் உண்டு. ஒரு குழந்தை தன் கொடி ரத்தத்தையே பின்னால் பயன்படுத்தும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே என்று பலவிதமாக மதிப்பிடப்பட்டிருப்பதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2007இல் எழுதியது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை தேவை என்றால் ஒழிய, தனியார் சேமிப்பை அவர்கள் பரிந்துரைப்பதில்லை. தேவைப்படும் யாருக்கும் கொடுக்கும் பொது வங்கிக்குத் தானம் தரச் சொல்கிறார்கள்.

கார்முகில்

டாக்டர் சொன்ன அந்த "ஒழிய" எங்கள் குடும்பம்தான்.

என் மூத்த மகனுக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் மனைவி இரண்டாவது முறை கருவுற்றபோது கருவிலேயே சோதித்தார்கள். இந்தக் குழந்தைக்கு நோய் இல்லை, அண்ணனோடு எச்.எல்.ஏ. (தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் பிரித்தறியும் செல் அடையாளங்கள்) முழுவதும் பொருந்துகிறது என்று முடிவு வந்தது. கூடப் பிறந்தவர்களுக்குள் அந்தப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். பிரசவத்தின்போது கொடி ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அளவு போதாது என்று தெரிந்ததால், மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அவளிடமிருந்து சிறிது மஜ்ஜையும் எடுத்து இரண்டையும் சேர்த்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள்.

இன்று அவனுக்கு ரத்தம் ஏற்றுவதில்லை. அவன் உடம்பில் ஓடுவது தங்கை தந்த ரத்தம். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. எல்லோரும் சேமியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் நோயுள்ள பிள்ளை இருந்து, அடுத்த பிரசவம் வரப்போகிறது என்றால் மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே ரத்தநோய் மருத்துவரிடம் பேசுங்கள். பிரசவ அறைக்குள் போன பிறகு யோசித்தால் நேரம் இருக்காது.

செங்குருதி

@கார்முகில், படிக்கவே மனம் நிறைகிறது. இந்தச் சிகிச்சையின் வரலாறே உங்கள் வீட்டுக் கதைபோலத்தான் தொடங்கியது. 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் முதல் கொடி ரத்த மாற்று சிகிச்சையைச் செய்தார். நோயாளி அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவன். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய், மஜ்ஜை செயலிழந்துகொண்டே போகும். தங்கைக்கு நோய் இல்லை என்பதும் பொருத்தம் இருப்பதும் அவள் பிறக்கும் முன்பே தெரிந்திருந்தது. அவள் கொடி ரத்தத்தை இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மேயரின் ஆய்வகம் உறைய வைத்துப் பாதுகாத்தது. சிறுவன் பிழைத்தான், வளர்ந்து பெரியவனாகவும் ஆனான். அந்த ஒரு சிகிச்சை வெற்றி பெற்றதால்தான் 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் பொது வங்கியைத் தொடங்கினார், உறவில்லாதவர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றுவரை உலகெங்கும் 40,000க்கும் மேற்பட்ட கொடி ரத்த மாற்று சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை வேறொருவர் தந்த ரத்தம்.

அறிவன்

ஒரு கேள்வி. இளமையான செல், பொருத்தத்தில் தளர்வு, கொடையாளிக்கு வலியே இல்லை, கேட்ட உடனே உறைகலனிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். இவ்வளவு நன்மை இருந்தால் மஜ்ஜை எடுப்பதையே நிறுத்தியிருக்க வேண்டுமே? எங்கே இடிக்கிறது?

உறைகலன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு பொது வங்கியின் ஆய்வகத்தில் கொடி ரத்தத்தைப் பதப்படுத்தும் வேலை என்னுடையது.

இடிப்பது எண்ணிக்கையில். நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 2.5 கோடி உட்கருச் செல்கள் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்பட்ட அளவு. ஒரு பையில் 100 கோடி செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அது நல்ல பைதான். வகுத்துப் பாருங்கள், 40 கிலோ எடைவரைதான் தாங்கும். 70 கிலோ ஆளுக்கு 175 கோடி தேவை. மஜ்ஜை எடுத்தால் இதைப்போலச் சுமார் பத்து மடங்கு கிடைக்கும். அதனால்தான் கொடி ரத்தம் முதலில் குழந்தைகளுக்கான சிகிச்சையாக வளர்ந்தது.

எடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். குழந்தை பிறந்து கொடியை வெட்டிய பிறகு, கொடியின் சிரையில் ஊசி போட்டு, உறைதல் தடுப்புத் திரவம் உள்ள பைக்குள் ரத்தத்தை வடிய விடுவார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் வலி இல்லை. பொதுவாக 50 முதல் 150 மி.லி. வரை கிடைக்கும். 48 மணி நேரத்துக்குள் உறைய வைத்தாக வேண்டும். எங்களிடம் வந்ததும் சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்துவிட்டு, ஸ்டெம் செல் உள்ள பகுதியை 20-25 மி.லி. அளவுக்குச் சுருக்குவோம். செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகிக் கிழிக்காமல் இருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைச் சேர்ப்போம். நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்ற மெதுவான வேகத்தில் குளிரவைத்து, பிறகு திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில் வைப்போம்.

எங்களுக்கு வரும் பைகளில் பெரும்பகுதி உறைகலனுக்குப் போவதே இல்லை. செல் எண்ணிக்கை குறைவு, கிருமி கலந்தது, நேரம் கடந்தது என்று ஏதாவது ஒரு காரணத்தால் கழித்துவிடுவோம். அவற்றை ஆய்வுக்குக் கொடுப்பதுண்டு. பொது வங்கி இப்படிக் கறாராக இருப்பதற்குக் காரணம், நாளை அதை யாரோ ஒரு நோயாளிக்குச் செலுத்தப் போகிறார்கள். தனியாரிடம் சேமிக்க நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்: எத்தனை செல் இருந்தால் ஏற்பீர்கள், குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள், உருக்கிய பிறகு எவ்வளவு செல் உயிரோடிருக்கிறது என்று சோதிக்கிறீர்களா? பதில் எழுத்தில் வர வேண்டும்.

கயல்

உறைய வைத்தால் எத்தனை வருடம் இருக்கும்? ஆயுள் முழுக்க என்று சொல்கிறார்களே.

உறைகலன்

முறையாக உறைய வைத்து, இடையில் வெப்பநிலை ஏறாமல் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் இருக்கும். பிராக்ஸ்மேயரின் குழு 23 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த பைகளை உருக்கிப் பார்த்தது, அப்புறம் 27 ஆண்டு ஆனவற்றையும் பார்த்தது. எலிகளில் மனித ரத்தத்தை உண்டாக்கும் அளவுக்குச் செல்கள் நலமாக இருந்தன. அதற்கு மேல் "ஆயுள் முழுக்க" என்பதற்குச் சான்று இன்னும் கிடையாது. அவ்வளவு பழைய பைகளே உலகத்தில் இல்லை.

தாய்மடி

நான் பிரசவம் பார்க்கும் செவிலி. இவ்வளவு பேசியும் குழந்தையின் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லையே என்று எழுத வந்தேன்.

குழந்தை வெளியே வந்த நொடியில் அதற்குச் சேர வேண்டிய ரத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும்தான் இருக்கிறது. கொடி துடித்துக்கொண்டிருக்கும். வெட்டாமல் காத்திருந்தால் அந்த ரத்தம் குழந்தைக்குள் போகும். நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் ஏறக்குறைய 80 மி.லி., மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய 100 மி.லி. போகும் என்று கணக்கு. மூன்று கிலோ உடம்புக்கு அது சின்ன அளவா? அதிலிருக்கும் இரும்புச் சத்து முதல் சில மாதங்களுக்கு ரத்தசோகை வராமல் காக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிர் காக்கும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்ட வேண்டாம் என்கிறது. உடனே செயற்கை சுவாசம் தர வேண்டிய குழந்தை என்றால் அது வேறு.

பைக்கு ரத்தம் நிறைய வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் வெட்டச் சொல்லி அழுத்தம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த ரத்தம் முதலில் குழந்தையுடையது.

உறைகலன்

அக்கா சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். காத்திருந்து வெட்டினால் எங்களுக்கு வரும் அளவு குறையும், தேறும் பைகளும் குறையும். ஆனாலும் 30 முதல் 60 நொடிவரை காத்திருந்த பிறகும் பயன்படும் அளவு கிடைக்கும் பிரசவங்கள் உண்டு. கிடைக்காவிட்டால் போகட்டும். தானம் என்ற பெயரில் குழந்தையிடமிருந்து பிடுங்கக் கூடாது என்பதில் மருத்துவ அமைப்புகளும் தெளிவாகவே இருக்கின்றன: சேமிப்புக்காகக் கொடியை வெட்டும் நேரத்தை மாற்றக் கூடாது.

மழைத்துளி

தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். என் மகளுக்குப் பெருமூளை வாதம். நான்கு வயது. அவள் கொடி ரத்தத்தை நாங்கள் சேமிக்கவில்லை. இப்போது ஒரு சிகிச்சை மையம், வேறு குழந்தைகளின் கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் நடப்பாள் என்று சொல்கிறது. பெரிய தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அன்று சேமித்திருந்தால் இந்த நிலை வந்திருக்காதோ என்ற எண்ணம் என்னைத் தூங்க விடுவதில்லை. உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர்.

செங்குருதி

அம்மா, முதலில் ஒன்று. அன்று நீங்கள் சேமிக்காததால் உங்கள் மகள் எதையும் இழந்துவிடவில்லை. கொடி ரத்தத்தால் பெருமூளை வாதம் குணமாகும் என்று நிறுவப்படவில்லை. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள்.

நடந்த ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோன் கர்ட்ஸ்பெர்க் தலைமையிலான குழு இதை முறையாக ஆராய்ந்தது. ஒரு பிரிவுக்கு உண்மையான செல்லும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத திரவமும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாதபடி ஒப்பிட்டார்கள். பெருமூளை வாதம் உள்ள 63 குழந்தைகளுக்குச் சொந்தக் கொடி ரத்தம் கொடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. அதிக அளவு செல் பெற்றவர்களுக்கு அசைவுத்திறனில் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அது மேற்கொண்டு ஆராய வேண்டிய குறிப்பு, நடக்க வைக்கும் என்ற உறுதிமொழி கிடையாது. ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2020இல் வந்தது. முக்கிய அளவுகோலில் பயன் தெரியவில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயிலும் சொந்தக் கொடி ரத்தம் இன்சுலின் சுரப்பைக் காப்பாற்றவில்லை.

செல் மூளைக்குள் போய் நரம்பாக மாறும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்ப்பது வேறு: கொடி ரத்தச் செல்கள் சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, இருக்கும் நரம்புகள் சீராக உதவுமா என்பது. அதுவும் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

ஆபத்தும் உண்டு. 2018இல் அமெரிக்காவில், கொடி ரத்தத்திலிருந்து தயாரித்ததாகச் சொல்லி, அனுமதி பெறாத ஒரு பொருளை மூட்டுவலி, முதுகுவலிக்கு ஊசியாகப் போட்டதில் 12 பேருக்குக் கடுமையான கிருமித் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த மையத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே, ஆய்வென்றால் ஏன் பணம் கேட்கிறீர்கள்? கடன் வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணம் இயன்முறைப் பயிற்சிக்கும், அவள் உட்காரவும் எழவும் உதவும் கருவிகளுக்கும் போனால் அவளுக்கு நிச்சயமான பலன் உண்டு.

மழைத்துளி

நன்றி டாக்டர். இதை அப்படியே என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த மையத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அறிவன்

டாக்டர், கொஞ்சம் எதிர்வாதம் செய்கிறேன். சொந்தச் சேமிப்பு வீண் என்பது புரிந்தது. பொது வங்கியும் இனிமேல் தேவையா? பாதிப் பொருத்தம் உள்ள அப்பா, அம்மா, உடன்பிறப்பிடமிருந்தே இப்போது மஜ்ஜை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு கொடி ரத்த சிகிச்சை குறைந்துகொண்டே வருகிறது என்று படித்தேன்.

செங்குருதி

சரியான கேள்வி. குறைந்தது உண்மை. செல் ஏற்றிய பிறகு சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுத்து, தாக்க வரும் டி செல்களை மட்டும் அடக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு வளர்த்தெடுத்தது. அதனால் பாதிப் பொருத்தமே போதும் என்றாகிவிட்டது. பெரும்பாலோருக்கு வீட்டிலேயே கொடையாளி கிடைக்கிறார். பெரியவர்களில் இரண்டு கொடி ரத்தப் பைகளையும் பாதிப் பொருத்த மஜ்ஜையையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில், மொத்தமாக உயிர் பிழைத்தவர்கள் மஜ்ஜைப் பக்கம்தான் அதிகம். கொடி ரத்தம் பிடிக்க நாளாகும், எதிர்ப்புச் சக்தி மெதுவாகத் திரும்பும், அந்த இடைவெளியில் வைரஸ் தொற்று நோயாளியைக் கொண்டுபோய்விடும். என் வார்டில் நான் அதிகம் அஞ்சுவதே அந்த வாரங்களுக்குத்தான்.

ஆனாலும் மூடிவிட வேண்டிய கடை என்று எனக்குத் தோன்றவில்லை.

பொருத்தம் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றேன் அல்லவா? உறவில்லாத பெரியவரிடமிருந்து மஜ்ஜை எடுத்தால் எச்.எல்.ஏ. அடையாளங்களில் எட்டுக்கு எட்டு பொருந்த வேண்டும் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. கொடி ரத்தத்தின் டி செல்கள் தாக்கும் வேகம் குறைவு என்பதால், அதற்கு ஆறில் நான்கு பொருந்தினாலும் கொடுக்கிறோம். கலப்பு வம்சாவளியினர், கொடையாளர் பதிவேடுகளில் குறைவாக உள்ள இனத்தவர் போன்றோருக்கு இது பெரிய வழி. அடுத்து, புற்றுநோய் திரும்புவது. சியாட்டிலில் ஃபிலிப்போ மிலானோவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன் கொஞ்சம் புற்றுச் செல் மிச்சமிருந்த நோயாளிகளில், கொடி ரத்தம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பயன் ஹர்லர் நோய், கிராபே நோய் போன்றவற்றில். ஒரு நொதி இல்லாததால் கழிவு சேர்ந்து குழந்தையின் மூளையும் உறுப்புகளும் சிதையும் நோய்கள் இவை. கொடையாளியின் ரத்தச் செல்கள் அந்த நொதியைச் சுரந்து பக்கத்துச் செல்களுக்கும் கொடுக்கின்றன. ரத்த வழி வந்த சில செல்கள் மூளைக்குள்ளும் போய்க் குடியேறி அங்கேயே நொதி தருகின்றன. இவை நரம்பாக மாறுவதில்லை, நரம்புக்குத் துணை நிற்கும் செல்களாகின்றன. கிராபே நோயில் அறிகுறி தோன்றும் முன்பே கொடுத்த பச்சிளங்குழந்தைகள் பயன் பெற்றார்கள், தோன்றிய பிறகு கொடுத்தவர்களுக்கு அவ்வளவு பயன் இல்லை. வாரக்கணக்கில் கொடையாளியைத் தேட நேரமில்லாத இடம் அது. உறைகலனில் தயாராக இருக்கும் பைதான் கைகொடுத்தது.

செல் எண்ணிக்கை போதாத சிக்கலுக்கும் விடை வந்துகொண்டிருக்கிறது. மினசோட்டாவில் இரண்டு குழந்தைகளின் பைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வியப்பு என்னவென்றால், சில வாரங்களில் ஒரு பையின் செல்கள்தான் நிலைக்கும், மற்றது மறைந்துவிடும். அப்புறம் ஆய்வகத்திலேயே செல்லைப் பெருக்கும் முறைகள். நிகோடினமைடு என்ற பி3 வைட்டமின் வகையைச் சேர்த்து வளர்த்தால் ஸ்டெம் செல் தன் இயல்பை இழக்காமல் பெருகுகிறது. அப்படிச் செய்த ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஏப்ரலில் அனுமதி தந்தது. சாதாரணக் கொடி ரத்தத்தில் நியூட்ரோஃபில் திரும்ப 22 நாள் ஆன இடத்தில் இதில் 12 நாள். நான் அஞ்சுவதாகச் சொன்ன அந்த வாரங்களில் பத்து நாள் குறைகிறது.

எச்.ஐ.வி. பற்றியும் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே சி.சி.ஆர்.5 என்ற வாசற்புரதம் இருக்காது, பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் அவர்கள் செல்லுக்குள் நுழைய முடியாது. லுகேமியாவும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு 2017இல் நியூயார்க்கில் அத்தகைய கொடி ரத்தத்தை, உறவினரின் பாதிப் பொருத்தச் செல்லோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2020இல் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினார். 2022இல் அறிவித்தபோதும் வைரஸ் திரும்பியிருக்கவில்லை. அந்தப் பையைத் தந்த தாய் யாரென்றே அவருக்குத் தெரியாது.

உறைகலன்

கூடவே இதையும் சேருங்கள் டாக்டர்: ஹூஸ்டனில் கத்தி ரெஸ்வானியின் குழு கொடி ரத்தத்தில் உள்ள என்.கே. செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களுக்கு மரபணு மாற்றம் செய்து, லிம்ஃபோமா போன்ற புற்றுநோய் உள்ள 11 பேருக்குக் கொடுத்தது. 8 பேரிடம் பலன் தெரிந்தது, மரபணு மாற்றிய டி செல் சிகிச்சையில் வரும் கடுமையான அழற்சிப் புயல் வரவில்லை. 2020இல் வந்த முடிவு. சிறிய ஆய்வுதான். ஆனால் பொது வங்கியில் சும்மா கிடக்கும் பைகளுக்கு ஒரு புது வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு அதில் வந்தது.

நிலாமகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து முழுக்கப் படித்தோம். தனியாரிடம் சேமிக்கப் போவதில்லை. எங்கள் மருத்துவமனையில் பொது வங்கிக்குத் தானம் தர வழி இருக்கிறதா என்று கேட்போம். எப்படியானாலும் கொடியைக் காத்திருந்துதான் வெட்ட வேண்டும் என்று பிரசவக் குறிப்பில் எழுதச் சொல்கிறோம்.

கார்முகில் அண்ணன் எழுதியதைப் படித்தபோது இன்னொன்று தோன்றியது. என் நாத்தனாரின் மகனுக்கும் தலசீமியா. எங்கள் குழந்தையின் கொடி ரத்தம் அவனுக்கு உதவுமா?

செங்குருதி

அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்ற உறவில் எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்துவது அரிது. அந்த நம்பிக்கையில் சேமிக்க வேண்டாம். அந்தப் பையனுக்கு முதலில் கூடப் பிறந்தவர்களைச் சோதிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் இதைச் சொன்னது நல்லதாயிற்று. உங்கள் நாத்தனார் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்றால் அவருடைய தம்பியோ அண்ணனோ ஆன உங்கள் கணவரும் சுமப்பவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுமப்பவருக்கு நோய் தெரியாது, லேசான ரத்தசோகை மட்டும் இருக்கலாம். நீங்களும் சுமப்பவராக இருந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும், அப்போதும் நாலில் ஒரு வாய்ப்பு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் உங்களுக்கு, சுமப்பவரா என்று காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்தார்களா என்று பழைய அறிக்கையைப் பாருங்கள். செய்யவில்லை என்றால் இந்த வாரமே இருவரும் செய்துகொள்ளுங்கள். உங்கள் மருத்துவரிடம் நாத்தனார் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்.

நிலாமகள்

அறிக்கையில் அந்தப் பரிசோதனை இல்லை டாக்டர். யாரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. நாளைக் காலை இருவரும் போய் ரத்தம் கொடுக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

கார்முகில்

எழுதுங்கள் தங்கச்சி, காத்திருக்கிறோம். முடிவு எப்படி வந்தாலும் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை என்னிடம் தனிமடலில் கேளுங்கள். நாங்கள் போன வழி முழுக்கச் சொல்கிறேன்.